மாளிகைக்குப் பின்னால் பிறந்த காடு

தில்லித் தமிழர்களுக்கு மலை என்றால் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர்தான். 1973இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாத சுவாமி கோயில் அது. முருகனை நினைத்தபடி படியேறுகிறவர்களுக்குக் காலடியில் இருக்கும் பாறையைப் பற்றி யோசிக்கத் தோன்றுவதில்லை. அந்தக் குன்று ஆரவல்லி மலைத்தொடரின் ஒரு துண்டு. குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தானையும் ஹரியானாவையும் கடந்து ஏறத்தாழ 690 கிலோமீட்டர் வரும் ஆரவல்லி, தலைநகருக்குள் புகுந்து, வடக்கே வஜீராபாத் பக்கம் யமுனைக் கரையில் மண்ணோடு மண்ணாக இறங்கி முடிந்துவிடுகிறது. தில்லிக்குள் வரும் இந்தக் கடைசிப் பகுதிக்கு ‘ரிட்ஜ்’ என்று பெயர்.

ரிட்ஜ் இன்று காடு. வடக்கு ரிட்ஜ் 87 ஹெக்டேர், குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் பின்புறம் உள்ள மத்திய ரிட்ஜ் 864, மெஹ்ரௌலி பக்கம் 626, தெற்கு ரிட்ஜ் 6,200. எல்லாம் சேர்ந்து 7,777 ஹெக்டேர். இரண்டு கோடிப் பேர் புழங்கும் ஊருக்கு நடுவே இப்படியொரு பச்சை இருப்பது பெரும் பேறு. ஆனால் மத்திய ரிட்ஜுக்குள் நடந்து பார்க்கும் ராமநாதபுரத்துக்காரருக்கோ சிவகங்கைக்காரருக்கோ திகைப்புதான் மிஞ்சும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கிற மரம் சீமைக்கருவேலம். ஊரில் கண்மாயை அடைத்துக்கொண்டு நிற்கும் அதே வேலிக்காத்தான்தான் இங்கே ‘விலாயதி கீக்கர்’ என்ற பெயரில் தலைநகரின் பெருங்காடாக நிற்கிறது.

மெக்சிகோ பக்கத்து மரம் ஆரவல்லிப் பாறையில் எப்படிக் காடானது? அதற்குப் பாறையிலிருந்தே தொடங்க வேண்டும்.

கல்லும் ஊரும்

ரிட்ஜின் கல் குவார்ட்சைட். ஒரு காலத்தில் கடலடியில் படிந்த மணல், நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகி இந்தக் கல்லானது. இமயமலை எழத் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு வெகுகாலம் முன்பே ஆரவல்லி உயர்ந்து நின்று, தேயவும் தொடங்கிவிட்டது.

மனிதன் இந்தக் கல்லைத் தேடித்தான் முதலில் இங்கே வந்திருக்கிறான். 1956இல் மானிடவியலாளர் சுரஜித் சின்ஹா, தில்லிப் பல்கலைக்கழகத்தின் வாசலருகே பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். பிறகு தெற்கு ரிட்ஜ் ஹரியானாவைத் தொடும் அனங்பூரில் ஏராளமாகக் கிடைத்தன. எல்லாம் குவார்ட்சைட் கல்லில் செதுக்கியவை. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் கண்டெடுத்த கைக்கோடரியும் இதே வகைக் கல்தான். தட்டினால் கூரான விளிம்போடு பெயரும் கல் எங்கே கிடைத்ததோ அங்கே ஆதிமனிதர்கள் தங்கினார்கள்.

பின்னால் வந்த அரசர்களுக்கும் ரிட்ஜ் வேண்டியிருந்தது. ஒரு பக்கம் யமுனை, மறு பக்கம் இந்தப் பாறைமேடு. இரண்டுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில்தான் தில்லி திரும்பத் திரும்பக் கட்டப்பட்டது. தோமர்களின் லால்கோட் ரிட்ஜின் மேலேயே எழுந்தது. கியாசுதீன் துக்ளக் 1320களில் எழுப்பிய துக்ளகாபாத் கோட்டையின் பிரமாண்டச் சுவர்கள் ரிட்ஜில் வெட்டிய கல். குடிநீரும் ரிட்ஜ் தந்ததுதான். பாறை வெடிப்புகளில் மழைநீர் இறங்கி நிலத்தடியில் சேர்ந்தது. மேலே வழிந்து ஓடியதைக் குளம் வெட்டித் தேக்கினார்கள். மெஹ்ரௌலியில் இல்துத்மிஷ் வெட்டிய ஹௌஸ்-இ-ஷம்ஸி, அலாவுதீன் கில்ஜி வெட்டிய ஹௌஸ் காஸ் இரண்டும் அப்படிப் பிறந்த ஏரிகள்.

அப்போது அங்கே காடு இருந்தது. பெரோஸ் ஷா துக்ளக் 14ஆம் நூற்றாண்டில் ரிட்ஜின் மேல் வேட்டை மாளிகைகள் கட்டிக்கொண்டார். மீரட்டிலிருந்து அவர் கொண்டுவந்த அசோகர் தூண் வடக்கு ரிட்ஜில் இன்றும் நிற்கிறது. விலங்குகள் இல்லாத இடத்தில் யாரும் வேட்டை மாளிகை கட்டுவதில்லை. ஆனால் அந்தக் காட்டை நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுபோல நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆண்டில் பெரும்பகுதி வறண்டு, ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் தழைத்து, கோடையில் இலையுதிர்க்கும் குட்டையான காடு அது. புரசு, வெள்வேலம், இலந்தை, உகாய், சரக்கொன்றை எல்லாம் நமக்கும் தெரிந்தவை. இவற்றோடு, நம்மூர் வெக்காலிக்கு உறவான ‘தவ்’ என்ற மரமும் உண்டு. ஆரவல்லிச் சரிவின் உண்மையான சொந்தக்காரன் இந்தத் தவ்தான்.

ஊர் பெருகப் பெருக விறகும் கட்டைகளும் கரியும் ரிட்ஜிலிருந்து இறங்கின. ஆடுமாடுகள் மேலே ஏறின. 1857 கிளர்ச்சியின்போது ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆங்கிலேயப் படை வடக்கு ரிட்ஜில் முகாமிட்டுத்தான் நகரத்தை முற்றுகையிட்டது. அதை ஒட்டிய ஆண்டுகளில் எடுத்த புகைப்படங்களில் ரிட்ஜ் ஏறக்குறைய மொட்டைப் பாறையாகத் தெரிகிறது. அங்கங்கே முட்புதர், நடுவில் கொடிமரக் கோபுரம், அவ்வளவுதான்.

கோப்பில் முளைத்த காடு

1857இல் வென்ற ஆங்கிலேயர்கள் அந்த மேட்டைப் புனித இடமாகக் கொண்டாடினார்கள். 1863இல் அங்கே நினைவுக் கோபுரம் எழுப்பினார்கள். அருகிலேயே சிவில் லைன்ஸ் வீடுகள் வளர்ந்தன. கோடையில் அனல் கக்கும் அந்தப் பாறை பச்சையாக இருந்தால் கண்ணுக்கும் குளிர்ச்சி, வீட்டுக்கும் குளிர்ச்சி என்ற எண்ணம் பிறந்தது. 1880களில் ரிட்ஜில் மரம் நடும் வேலை தொடங்கியது. அதற்காக, கிராமத்தார் காலங்காலமாகக் கால்நடை மேய்த்த பொதுநிலம் வேலியிட்டு அடைக்கப்பட்டது. காடு வளர்ப்பு என்றால் நல்ல காரியம் என்றே நமக்குத் தோன்றும். யாருடைய மேய்ச்சல் நிலத்தில், யாருடைய கண் குளிர, யார் நட்டார்கள் என்ற கேள்விகளை இந்தக் கதையில் தவிர்க்க முடியாது.

1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே நகரத் திட்டக் குழு வந்து இறங்கியது. எட்வின் லட்யன்ஸ், ஜான் பிராடி, ஜார்ஜ் ஸ்விண்டன் மூவரும் அதில் இருந்தார்கள். முதலில் வடக்கே நாட்டிய அடிக்கல்லைத் தெற்கே மாற்றி, ரைசினா குன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ரைசினா, மால்ச்சா முதலிய கிராமங்களின் நிலம் கையகப்படுத்தப்பட்டது. ரைசினாவின் உச்சியில் வைஸ்ராய் மாளிகை, அதாவது இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை. அதன் பின்னால் மத்திய ரிட்ஜ்.

நகரத்திலிருந்து மாளிகையைப் பார்க்கிறவன் கண்ணில் அதற்குப் பின்னால் மொட்டைப் பாறை படக் கூடாது, பச்சைத் திரை விரிந்திருக்க வேண்டும் என்பது திட்டக்காரர்களின் ஆசை. மேற்கிலிருந்து வரும் புழுதிக்காற்றையும் அந்தத் திரை தடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கட்டடம் எழும் முன்பே ரிட்ஜின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை அதிகாரி கிளட்டர்பக் நடவுத் திட்டம் வகுத்தார். 1919இல் வந்த தோட்டக்கலை வல்லுநர் வில்லியம் மஸ்டோ, சாலைகளுக்கு நாவலும் வேம்பும் மருதும் புளியும் நட்டுப் புது தில்லியை நிழல் நகரமாக்கினார். சாலையோரத்தில் குழி வெட்டி நல்ல மண் நிரப்பலாம், தண்ணீர் ஊற்றலாம். ரிட்ஜில் அதெல்லாம் நடக்காது. கையளவு மண், அதற்குக் கீழே பாறை. நட்ட கன்றுகள் பட்டுப்போயின. எங்கே போட்டாலும் பிழைக்கிற மரம் ஒன்று தேவைப்பட்டது.

தெற்கிலிருந்து தொடங்கிய வரவு

அந்த மரம் அதற்குள் இந்தியாவுக்கு வந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. அதைக் கொண்டுவந்தது நம் சென்னை மாகாணம்தான். மாகாணத்தின் வனப் பாதுகாவலராக இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெடோம், தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றி நூல் எழுதிய பெரிய தாவரவியலாளர். பஞ்சம் பாதித்த வறண்ட மாவட்டங்களுக்கு விறகும் தீவனமும் தரும் மரம் வேண்டும் என்று 1876இல் அவர் விதை கேட்டார். மறு ஆண்டு ஜமைக்காவிலிருந்து வந்த விதை கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டது. அங்கிருந்தும் சிந்து வழியாகவும் அது பரவியது. ஜோத்பூர் சமஸ்தானம் 1940இல் அதை அரச மரியாதைக்குரிய செடியாகவே அறிவித்தது. புது தில்லி எழுந்த பத்தாண்டுகளில் ரிட்ஜுக்கும் அது வந்துசேர்ந்தது.

அதன் வெற்றியின் ரகசியம் காயில் இருக்கிறது. ஒரு சாண் நீளத்தில் வெளிர்மஞ்சளாகத் தொங்கும் காயை வாயில் போட்டு மென்றால் இனிக்கும். ஆடும் மாடும் நீலான் மானும் விரும்பித் தின்னும். சதை செரித்துவிடும், தோல் தடித்த விதை செரிக்காது. வயிற்றில் ஊறி, மேல்தோடு நைந்து, சாணத்தோடு விழுகிற விதை ஈரம் கண்டதும் முளைக்கிறது. எருவோடு சேர்த்து யாரோ விதைத்துவிட்டுப் போனதுபோல ஆகிவிடுகிறது. முளைத்ததன் வேர் பாறை வெடிப்பைத் தேடிக் கீழே கீழே போகிறது. மழை தவறினாலும் இலை பச்சையாகவே இருக்கிறது. தளிரை ஆடு அவ்வளவாகத் தொடாது. வெட்டினால் தூரிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கிறது. உதிரும் இலை மட்கும்போது அடுத்தவர் விதைகளை முளைக்கவிடாமல் தடுக்கிறது.

பக்கத்தில் நின்ற தவ் மரத்தின் நிலையைப் பாருங்கள். ஆடு மேய்கிற இடத்தில் தவ் நிமிர்வதே இல்லை. கடிபட்டுக் கடிபட்டுப் பாறைமேல் பச்சை மெத்தைபோலப் படர்ந்து, முழங்கால் உயரம்கூட எழாமல் பல ஆண்டுகள் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். மேய்ச்சல் நின்றால் மட்டும் எழுந்து மரமாகும். ஒரு பக்கம் இத்தனை பொறுமை, இன்னொரு பக்கம் அத்தனை வேகம். சில பத்தாண்டுகளில் கீக்கர் ரிட்ஜை மூடிவிட்டது. வைஸ்ராய்க்குப் பச்சைத் திரை கிடைத்தது.

அந்தக் காட்டுக்குள் நின்று தலையைத் தாழ்த்திப் பார்த்தால்தான் குறை தெரியும். மேலே முள்கிளைகள் பின்னிக் கிடக்கின்றன. கீழே புல் இல்லை, கொடி இல்லை, இளங்கன்று இல்லை. இருக்கிற கன்றுகளும் அதே மரத்தின் பிள்ளைகள். புரசு பூக்காத இடத்துக்குத் தேன் தேடும் பறவை வருவதில்லை. புல் இல்லாத இடத்தில் பூச்சி குறைவு. பூச்சி குறைந்தால் அதைத் தின்னும் பறவையும் பல்லியும் குறைவு. பார்வைக்கென்று நட்ட காடு பார்வைக்கு மட்டும்தான் நிறைவாக இருக்கிறது.

காப்பாற்றியவர்கள்

அப்படியானால் போகட்டும் என்று விட்டுவிட முடியுமா? 1979இல் ரிட்ஜில் மரங்களை வெட்டத் தொடங்கியபோது தில்லியின் பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். அந்தப் போராட்டத்தில் பிறந்ததுதான் கல்பவிருக்ஷ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு. அதன் பிள்ளையார்சுழி ரிட்ஜில் போடப்பட்டது. அந்த மாணவர்கள் கீக்கரா தவ்வா என்று பார்த்துப் போராடவில்லை. காடு அழிந்தால் அந்த இடத்தில் கட்டடம் வரும், கட்டடம் வந்தால் எந்த மரமும் திரும்பாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1993இல் லவ்ராஜ் குமார் தலைமையிலான குழு ரிட்ஜைப் பாதுகாக்கும் வழிகளைப் பரிந்துரைத்தது. 1994 மே மாதம், நான்கு பகுதிகளும் காப்புக்காடு என்ற அறிவிக்கை வந்தது. அதற்கு முன்பே தெற்கு ரிட்ஜில் 1986இல் அசோலாவும், 1991இல் பக்கத்தில் உள்ள ‘பட்டி’ என்ற பகுதியும் வனவிலங்குச் சரணாலயமாகியிருந்தன. பட்டியில் அதுவரை நடந்தது சுரங்கம். தில்லிக் கொத்தனார்கள் ‘பதர்பூர்’ என்று கேட்டு வாங்கும் சிவந்த பருமணல், இற்று உதிர்ந்த குவார்ட்சைட்தான். அதைத் தோண்டித் தோண்டிப் பாதாளமாகிப்போன இடம் அது. சுரங்கம் மூடியபோது பிழைப்பை இழந்தவர்கள் அங்கே மண் வெட்டிய ஓட் சமூகத்துத் தொழிலாளர்கள். மலைக்கு வந்த நன்மையின் விலையில் ஒரு பங்கை அவர்கள் கொடுத்தார்கள். இன்று அந்தக் குழிகளில் நீர் தேங்கி ஏரிகளாக நிற்கிறது. சரணாலயத்தில் சிறுத்தை நடமாட்டம் கேமராவில் பதிவாகிறது.

மறுபடி பிறக்கும் காடு

பழைய காடு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி மிச்சம் இருக்கிறது. தில்லி எல்லையைத் தாண்டியதும் ஃபரிதாபாத் மாவட்டத்தில் மாங்கர் பனி என்ற பள்ளத்தாக்கு. குதாரியா பாபா என்ற துறவியின் பெயரால் மாங்கர், பந்த்வாரி, பலியாவாஸ் கிராமத்துக் குஜ்ஜர்கள் அங்கே கிளை ஒடிப்பதில்லை, ஆடு மேய்ப்பதில்லை. நம்மூரில் ஐயனார் கோயில் காட்டைக் காப்பாற்றிய அதே பயபக்தி. அதனால் அங்கே தவ் நிமிர்ந்து, சரிவு முழுக்கத் தோப்பாக நிற்கிறது. குளிர்காலத்தில் இலைகள் செம்பு நிறமாகின்றன. தில்லியிலும் குருகிராமிலும் காட்டை மீட்க முயல்பவர்களுக்கு மாங்கர் பனிதான் பாடப்புத்தகம்.

வசந்த் விஹாரை ஒட்டி, தோண்டிப் போட்ட சுரங்க நிலத்தில் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவை தில்லி வளர்ச்சி ஆணையம் உருவாக்கியது. அதற்கு அறிவியல் வழிகாட்டியவர் தில்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி.ஆர். பாபு. அவருடைய முறையில் நிதானம் இருக்கிறது. கீக்கரை ஒரேயடியாக வெட்டிச் சாய்ப்பதில்லை. மேற்கிளைகளைக் கழித்து வெயிலை உள்ளே விடுகிறார்கள். அந்த வெளிச்சத்தில் உள்ளூர்ப் புல், புதர், கொடி, மரக்கன்று என்று அடுக்கடுக்காக நடுகிறார்கள். கன்றுகள் உயர்ந்து நிழலைப் பிடித்துக்கொண்டதும், வெயில் இல்லாமல் கீக்கர் தானாகவே தளர்ந்துவிடும். மண் ஒரு நாள்கூட வெறுமையாகக் கிடக்காது. கீக்கரில் கூடு கட்டிய பறவைக்கு அடுத்த மரம் தயாராகும்வரை கூடு இருக்கும். பழைய சுரங்கக் குழி ஒன்றின் குளிர்ச்சியில் இன்று பெரணிகள் வளர்கின்றன. 2021இல் மத்திய ரிட்ஜின் 10 ஹெக்டேரில் தில்லி வனத்துறையும் இந்த முறையைத் தொடங்கியது. குருகிராமில் விஜய் தஸ்மானாவும் நண்பர்களும் மாங்கர் பனி போன்ற இடங்களில் விதை சேகரித்து எழுப்பிய காடு, 2022இல் தனிவகைப் பாதுகாப்புப் பகுதியாக அங்கீகாரம் பெற்றது.

இந்தக் கதையை தில்லியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பின் தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தைப் பிடுங்கப் பொக்லைன்கள் இறங்கியது பலருக்கும் நினைவிருக்கும். அந்த மரம் காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடும் என்றெல்லாம் அப்போது பேச்சு பரவியது. அதற்கு ஆதாரம் இல்லை. அதன் உண்மையான கேடு, அடுத்த செடிக்கு இடம் விடாமை. 2022இல் தமிழக அரசு வெளியிட்ட அயல் தாவரக் கொள்கை, அகற்றுவதோடு வாழிட மீட்பையும் சேர்த்தே பேசுகிறது. அது சரியான திசை. ஏனென்றால் பிடுங்கிய இடத்தை வெறுமையாகப் போட்டுவிட்டு வந்தால் மண்ணுக்குள் காத்திருக்கும் விதை முளைக்கும், விட்டுப்போன தூர் துளிர்க்கும். இரண்டு மழைக்குள் முன்னைவிட அடர்த்தியான புதர் நிற்கும். கரிமூட்டம் போட்டு அந்த மரத்தாலேயே அடுப்பெரிக்கும் குடும்பங்களுக்கு மாற்று வழி என்ன என்பதையும் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். 1880களில் மேய்ச்சல் நிலத்தை இழந்த தில்லிக் கிராமத்தாருக்கு அதை யாரும் யோசிக்கவில்லை.

ரிட்ஜ் கற்றுத்தரும் பாடம் ஒன்றுதான். மரத்தை நடுவதும் எளிது, பிடுங்குவதும் எளிது. அதிகாரமும் பணமும் இருந்தால் ஒரு பருவத்தில் முடிந்துவிடும். காடு அப்படிப் பிறப்பதில்லை. எந்த மண்ணில், எந்த மழையில், எந்தப் பறவைக்காக, எந்தக் கிராமத்தார் துணையோடு என்று கேட்டு, பத்திருபது ஆண்டுகள் உடனிருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆங்கிலேயர் அந்தக் கேள்விகளைக் கேட்காமல் நட்டார்கள். நாம் அவற்றைக் கேட்காமல் பிடுங்கினால் அதே தவறைத்தான் திருப்பிச் செய்வோம். ஊருக்கு ஒரு கண்மாய்க்கரையையாவது எடுத்து, கருவேலத்தை நீக்கிய அதே மாதத்தில் புரசும் இலந்தையும் உகாயும் நட்டு, ஆடு கடிக்காமல் காவல் வைத்துப் பாருங்கள். காடு பிறந்த கதையை இந்த முறை நாமே சரியாக எழுதலாம்.